இரண்டு பேருக்கு உலை

"சாமியம்மா, என் பசு நேத்துலேருந்து அசை போடல."

விருத்தகிரிக்கு அறுபது வயது. ஏரிக்கரைக் குடிலில் இருந்த சாமியம்மாவுக்கு அதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் அவர்தான் சீடர். மனைவி இறந்துபோனதிலிருந்து எட்டு மாதமாக, மனசு அடங்க ஒரு மந்திரம் கேட்டு வந்துகொண்டிருந்தார். அவள் கொடுக்கவில்லை.

இன்று மந்திரம் கேட்கவில்லை.

"அதுவும் போயிட்டா, வீட்டுல மூச்சு விடுற ஜீவன்னு வேற எதுவும் இல்ல."

சாமியம்மா எழுந்து அவரோடு நடந்தாள்.

பசு தலையைத் தொங்கப்போட்டு நின்றது. இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. சாணி கூழாய்க் கழிந்து, புளித்த வாடை அடித்தது.

"என்ன போடுறீங்க?"

"சோறு. ஒரு குறையும் வைக்கல. நான் திங்கிற அதே பொன்னி அரிசி."

"நீங்க வைக்கோல் திம்பீங்களா?"

"அதெப்படி?"

"பின்னே?"

"மிஞ்சுது சாமியம்மா. என்ன பண்ண?"

"தினமுமா?"

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"ரெண்டு பேருக்குத்தான் உலை வைக்க வருது."

சாமியம்மா அடுப்படிக்குப் போய் வந்தாள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பசுவுக்குப் புகட்டினாள். பிறகு அதன் முன்னால் வைக்கோலை உதறிப் போட்டாள்.

"வெறும் வைக்கோலா? பாவம். தொண்டையில குத்தாதா?"

"சோறு மெல்லாமலே இறங்கிடும். உள்ள கிடந்து புளிக்கும். இது அப்படி இறங்காது."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

வெயில் கொட்டகையைத் தாண்டி வேலிக்குப் போனது. பசு முகர்ந்து பார்த்தது. ஒரு வைக்கோல் தாளை இழுத்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

பொழுது சாயும்போது சாமியம்மா கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரம்மா பேர் என்ன?"

விருத்தகிரி வாயைத் திறந்தார். வரவில்லை. எட்டு மாதமாக அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"மெதுவா," என்றாள்.

"தையல்நாயகி."

சொன்ன பிறகு அவர் தோள் குலுங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை, பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவராகவே சொன்னார்.

"அவளுக்குச் சோத்துல ஒரு கல்லு கடிபட்டாப் போதும், அரிசிக்கடைக்காரனுக்கு அன்னிக்குப் பூரா திட்டு விழும்."

பசுவின் தாடை பக்கவாட்டில் ஒருமுறை அசைந்தது.

"ம்," என்றாள் சாமியம்மா. "அப்புறம்?"