தலைவர் ஓட்டிப் பார்த்த கார்பன் சைக்கிள்

கோயம்புத்தூரில் ஒரு சைக்கிள் கடை. அங்கே மெக்கானிக் மரகதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் சங்கத் தலைவர் தெய்வசிகாமணி பத்து உறுப்பினர்களோடு வந்து இறங்கினார். வந்ததுமே சத்தம்.

"நடுத்தர விலையில ரோடு சைக்கிள் கேட்டு வந்த எங்க ஆளுங்ககிட்ட, விலை கூடின கார்பன் ஃப்ரேம் வேண்டாம், அலுமினியமே போதும், ஓட்டினா வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னது நீதானா?"

"ஆமாங்க."

"எனக்கு வித்தியாசம் தெரியும்! ரெண்டையும் டேப் சுத்தி மூடிக் கொடு. ஓட்டியே சொல்றேன். சரியாச் சொல்லிட்டா இன்னியோட நீ இந்தக் கடையில இருக்கக் கூடாது."

முதலாளியும் தலையாட்டினார். சங்கத்துக்கு முப்பது சைக்கிள் வாங்கப்போகிற மனுஷரை யார் பகைத்துக்கொள்வார்? மரகதம் உள்ளே போனாள்.

டேப் சுற்றிய சைக்கிள் வந்தது. தலைவர் மேம்பாலம் வரை போய்த் திரும்பி, உதட்டைப் பிதுக்கினார். மரகதம் அதை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் டேப் சுற்றிய சைக்கிளோடு மறுபடி வந்தாள். அவர் ஏறி மிதித்தார்.

திரும்பி வந்தவருக்கு முகமெல்லாம் பல். "இதுதான் கார்பன்! என்னமா பறக்குது! முதல்ல கொடுத்தது வெறும் கட்டை வண்டி. நீ மூட்டையைக் கட்டும்மா."

"டயருக்கு இப்பத்தான் முழுசா காத்தடிச்சேனுங்க," என்றாள் மரகதம். "மத்தபடி ரெண்டு தடவையும் நீங்க ஓட்டினது இதே அலுமினிய வண்டிதானுங்க."

"பொய்! அப்ப கார்பன் எங்கே?"

"உள்ளதான் நிக்குதுங்க." மரகதம் மேலங்கிப் பையிலிருந்து இரண்டு பெடல்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அதுக்கு இன்னும் பெடலே மாட்டலீங்க."