ஆள்காட்டியின் குரல் யாருக்குச் சொந்தம்?

ஒரு காட்டில், ஒரு காலத்தில், பயம்கூடப் பொதுவாக இருந்தது குழந்தைகளே. புதரைவிட்டுச் சிறுத்தை தலை நீட்டினால் போதும், முதலில் பார்த்தவர் கத்துவார். கேட்டவர்கள் எல்லாம் ஓடுவார்கள். கத்தியது யார், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று யாரும் விசாரித்ததில்லை.

பெரும்பாலும் முதலில் கத்துவது ஆள்காட்டிக் குருவிதான். ஓடைக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டு வாழும் பறவை அது. கண் கூர்மை, வாய் அதைவிடப் பெரிது. அது கத்தியதும் மரத்தின்மேல் மந்தி குரல் கொடுக்கும், மயில் அகவும், காடே விழித்துக்கொள்ளும். சிறுத்தை, பந்தியில் இடம் கிடைக்காதவரைப் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போகும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அதே கரையில் ஒரு புள்ளிமானும் அதன் குட்டியும் அக்காவும் மேய்ந்துவந்தன. முட்டைகள் கிடக்கும் இடத்தில் அவை பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கும். ஆள்காட்டிக்கும் அவற்றுக்கும் அப்படியொரு பழக்கம்.

இந்த ஏற்பாட்டால் இருவருக்கு வயிறு காய்ந்தது. ஒருவர் சிறுத்தை. இன்னொருவர், சிறுத்தை தின்று வைக்கும் மிச்சத்தையே நம்பிப் பிழைக்கும் நரி.

நரி ஒரு நாள் ஆள்காட்டியிடம் வந்தது.

"என்னக்கா, தொண்டை கட்டிப்போச்சா? நேத்து அந்தக் கத்துக் கத்தினீங்களே!"

"சிறுத்தை வந்துச்சு, கத்தினேன்."

"சிறுத்தை உங்க முட்டையைத் தின்னுமா?"

"என் முட்டை அதுக்கு எந்த மூலைக்கு?"

"அப்புறம் என்னக்கா? நீங்க கத்துறதால மான் பிழைக்குது, மயில் பிழைக்குது. சிறுத்தைக்குக் கோபம் மட்டும் உங்க மேல. உங்க கண்ணு, உங்க தொண்டை. அதை ஏன் ஊருக்கெல்லாம் ஓசியில குடுக்கணும்? அவங்கவங்க உயிரை அவங்கவங்க பார்த்துக்கட்டுமே!"

ஆள்காட்டி யோசித்தது. அதுவரை அப்படி ஒரு கேள்வியே அதற்குத் தோன்றியதில்லை. காதில் விழுந்த பிறகு அது மனத்தைவிட்டுப் போகவும் இல்லை.

நரி மந்தியிடமும் மயிலிடமும் போய் இதையே ஓதியது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். காடு அமைதியானது. அந்த அமைதி முதலில் சுகமாகக்கூட இருந்தது.

சிறுத்தை வந்தது. ஆள்காட்டி பார்த்தது, மந்தியும் பார்த்தது. யாரும் மூச்சு விடவில்லை. சிறுத்தை புள்ளிமானின் அக்காவைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு மயிலின் குஞ்சு போனது. பிறகு மந்தியின் குட்டி. நரிக்கு நன்றாக உடம்பு வைத்தது.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பாறையடியில் கூட்டம் கூடியது. எதற்கும் முறை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே திரியும் காட்டுப்பன்றிதான் தலைமை. ஆள்காட்டி தலை குனிந்து நின்றது. மான் அதை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தன் குட்டியை ஒட்டிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். ஆள்காட்டிக்கு அது திட்டு வாங்குவதைவிட வலித்தது.

"ஆளாளுக்கு இஷ்டப்படி இருந்ததாலதான் நமக்கு இந்தக் கதி!" என்று உறுமியது பன்றி.

நரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது.

"தலைவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. இனிமே தனியாள்னு யாரும் கிடையாது. கண்ணும் பொது, தொண்டையும் பொது. பொதுச் சொத்தை ஒருத்தர் மட்டும் எடுத்துப் பயன்படுத்தலாமா? சிறுத்தையைப் பார்த்தவங்க தலைவர்கிட்ட சொல்லட்டும். தலைவர் கூட்டம் போடட்டும். எல்லாரும் சரின்னதும், ஒரே குரலாக் கத்துவோம். எப்படி இருக்கும், நினைச்சுப் பாருங்க!"

நினைத்துப் பார்த்தார்கள். காடே ஒரே குரலில்! மயிலுக்குப் புல்லரித்தது. தீர்மானம் நிறைவேறியது. 'அவரவர் உயிர் அவரவருக்கு' என்று ஓதியதும் இதே வாய்தானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு நாள், நல்ல வெயில் நேரம். மான் சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருக்க, குட்டி மட்டும் ஓடையில் தண்ணீர் குடித்தது. காற்றே இல்லாதபோது நாணல் அசைவதை ஆள்காட்டி பார்த்தது. நாணலுக்குள்ளே சிறுத்தை.

ஆள்காட்டி பதறிப்போய் ஓடை வளைவுக்குப் பறந்தது. அங்கே பன்றி சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. மயிலும் மந்தியும் நரியும் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தலைவரே, சிறுத்தை! மான்குட்டி பக்கத்துல!"

"சரி, கூட்டம் போட்டுடலாம். வேற யாராவது பார்த்தீங்களா?"

"நான் பார்க்கலையே," என்றது மயில்.

"நானும் பார்க்கலை. ஒருத்தர் பார்த்தாப் போதுமா, ரெண்டு பேர் பார்க்கணுமா? அன்னைக்கு நாம அதைப் பேசவே இல்லையே," என்றது மந்தி.

"நல்ல கேள்வி," என்றது பன்றி. "முதல்ல அதைப் பேசி முடிப்போம். மான் எங்கே? மான் வராமக் கூட்டம் செல்லாது."

"அவசரமே வேண்டாம். எல்லாம் முறைப்படி நடக்கட்டும்," என்ற நரிக்கு எச்சில் ஊறியது.

ஆள்காட்டி திரும்பிப் பார்த்தது. சிறுத்தை வயிற்றைத் தரையில் தேய்த்தபடி நகர்ந்துகொண்டிருந்தது. குட்டி இன்னும் குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை வாயை மூடிக்கொண்டு இருக்க ஆள்காட்டியால் முடியவில்லை. விர்ரென்று உயரே எழும்பித் தொண்டை கிழியக் கத்தியது.

குட்டி துள்ளி ஓடியது. பாய்ந்த சிறுத்தை தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. கூட்டம் என்ன ஆனது என்கிறீர்களா? மயில் மரத்தின்மேல், மந்தி உச்சாணிக் கிளையில். எல்லோருக்கும் முன்னால் மூங்கில் புதருக்குள் புகுந்தது பன்றிதான்!

சிறுத்தை போன பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நரி முந்திக்கொண்டது.

"தலைவரே, தீர்மானத்தை மீறிட்டா! இன்னைக்கு இவ, நாளைக்கு இன்னொருத்தி. இவளைக் காட்டைவிட்டே துரத்தணும்!"

பன்றி உடம்பில் ஒட்டிய மூங்கில் இலைகளை உதறிக்கொண்டே வந்து நின்றது. "ஆமாம். நீ யாரைக் கேட்டுக் கத்தினே?"

அதற்குள் மான் அங்கே வந்து சேர்ந்தது. அதன் பின்னால் நடுங்கியபடி குட்டி.

"அவ யாரையும் கேட்காமத்தான் கத்தினா, அண்ணே," என்றது மான். "நீங்க யாரைக் கேட்டு ஓடினீங்க?"

மந்தி களுக்கென்று சிரித்தது. மயில் சிரித்தது. கடைசியில் பன்றிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து எல்லோரும் நரியைத் தேடினார்கள். அது எப்போதோ நழுவியிருந்தது.

மான் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா மேய்ந்த இடத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. குட்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அதையே வெகுநேரம் பார்த்தபடி நின்றது.

நீதி: தனக்கென்ன என்று மூடிய வாயும், ஊரைக் கேட்டுத் திறக்கலாம் என்று காத்திருக்கும் வாயும் ஒன்றே, கண்டவர் தயங்காமல் சொல்வதே எல்லோருக்கும் காவல்.