உமியை இழுத்த மணி

ஒரு காலத்தில் சேந்தங்குடி நாட்டை விருதராசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் ஒரு பேச்சு பிடித்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் அதைக் கல்லில் வெட்டி அரண்மனை வாசலில் நட்டுவிடுவான். கல்லில் ஏறியதை யாராவது மறுத்தால் அவர்கள் ஆற்றைத் தாண்டி நாட்டை விட்டே போய்விட வேண்டும்.

அதே ஊரில் செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். அரண்மனைச் சுவர்ச் சித்திரங்களுக்குச் சிவப்புச் சாயம் செய்து கொடுப்பவள். பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்துச் சூடேற்றினால் அந்தச் சிவப்பு வரும். இருபது வருஷம் அடுப்போடு கிடந்தவள் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். ஒரு பங்கு கந்தகம் ஆறேகால் பங்கு பாதரசத்தைத்தான் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் போட்டால், மிஞ்சியது ஒட்டாமல் தனியே உருண்டுகொண்டு நிற்கும்.

“எல்லாமே கண்ணுக்குத் தெரியாத சின்னத் துகள்களாக இருக்கிறது போல. இதில் ஒரு துகளும் அதில் ஒரு துகளும் கைகோத்துக்கொள்கின்றன. ஜோடி கிடைக்காதது வெளியே நிற்கிறது” என்று சாயம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

இந்தப் பேச்சு அரசவை வித்துவான் ஏகாம்பரத்தின் காதில் விழுந்தது. அவர் அதை மூன்று வரிப் பாட்டாகக் கட்டி, தானே கண்டுபிடித்த மாதிரி சபையில் பாடிவிட்டார். பாட்டுக்குக் கம்பீரமான முடிவு வேண்டுமே என்று நாலாவதாகச் சொந்த வரி ஒன்றும் சேர்த்தார்: “துகளை உடைக்க முடியாது. அதற்குள் ஒன்றுமே இல்லை.”

ராஜாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வித்துவானுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான். மாலைக்குள் கல்லும் நட்டாகிவிட்டது.

மறுநாள் சாயம் கொண்டுவந்த செங்கமலம் கல்லைப் படித்தாள். முதல் மூன்று வரியில் அவள் முகம் மலர்ந்தது. கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

“உள்ளே ஒன்றும் இல்லையென்று யார் போய்ப் பார்த்தார்கள்?” என்று வாசல் காவலனிடம் கேட்டாள்.

ஏகாம்பரம் பின்னாலேயே நின்றிருந்தார். பாட்டு தன்னுடையதில்லை என்பது வெளியே வந்துவிடுமோ என்று ராத்திரியெல்லாம் பயந்தவருக்கு இது நல்ல வாய்ப்பாகப் போயிற்று. அவளை நேரே சபைக்கு இழுத்துப்போய், “மகாராஜா, இவள் கல்லை மறுக்கிறாள்” என்றார்.

“உண்மையா?” என்று கேட்டான் ராஜா.

“உண்மைதான், மகாராஜா. கடைசி வரியை மட்டும்.”

“அப்படியானால் துகளுக்குள் என்ன இருக்கிறதென்று காட்டு. இல்லாவிட்டால் இன்றே ஆற்றைத் தாண்டு.”

செங்கமலத்தின் இருபது வருஷத்து அடுப்பு, வீடு எல்லாம் இந்தக் கரையில்தான் இருந்தன. ராஜாவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கழுத்து மாலையில் கல்லாய் இறுகிய மரப்பிசினில் கடைந்த தேன் நிறத்து மணி ஒன்று தொங்கியது. அந்த மணியை மெருகேற்றித் தந்தவளே அவள்தான். மெருகேற்றும்போது பார்த்த வேடிக்கையும் அவளுக்கு நினைவு வந்தது.

“அந்த மணியையும், ஒரு பிடி உமியையும், பொன் நிறுக்கும் தராசையும் கொடுங்கள். வித்துவான் ஐயாவின் சால்வை கொஞ்ச நேரத்துக்கு வேண்டும்.”

எல்லாம் வந்தன. மணியை உமிக்கு மேலே பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தராசில் எடை பார்த்தாள். பிறகு சால்வையால் பரபரவென்று தேய்த்து மறுபடி பிடித்தாள். உமி துள்ளி எழுந்து மணியில் ஒட்டிக்கொண்டது.

சபையே எழுந்து நின்றது. ராஜா சிம்மாசனத்தின் விளிம்புக்கு வந்துவிட்டான்.

“ஐயா, தேய்ப்பதற்கு முன்னால் இழுக்கவில்லை. இப்போது எது இழுக்கிறது?” என்று வித்துவானிடம் கேட்டாள் செங்கமலம்.

தெரியாது என்று சொல்லி ஏகாம்பரத்துக்குப் பழக்கமில்லை. “பட்டுத் துகள் மணியில் ஏறியிருக்கிறது” என்றார்.

அவள் உமியை உதறிவிட்டு மணியைத் தராசில் வைத்தாள். முள் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது.

“எடை கூடவில்லையே, ஐயா. முழுத் துகள்கள் அத்தனை ஏறியிருந்தால் முள் கொஞ்சமாவது சாய வேண்டாமா?”

ராஜா பார்த்துக்கொண்டிருந்தான். வித்துவான் தோற்பதாக இல்லை. “முழுத் துகள் எதற்கு? துகளுக்குள்ளேயிருந்து தராசுக்கே தெரியாத பொடிசாக ஏதோ ஒன்று கழன்று தாவியிருக்கிறது. இது தெரியாதா உனக்கு?” என்றார்.

செங்கமலம் கைகூப்பினாள். “நானும் அப்படித்தான் நினைக்கிறேன், மகாராஜா. ஐயாவே சொல்லிவிட்டார்.”

ராஜா மெல்லக் கேட்டான்: “வித்துவானே, உள்ளே ஒன்றும் இல்லையென்று கல் சொல்கிறது. உள்ளேயிருந்து கழன்றது என்று நீர் சொல்கிறீர். இப்போது யார் ஆற்றைத் தாண்டுவது?”

வித்துவான் தலை கவிழ்ந்தது. பாட்டு யாருடைய பேச்சிலிருந்து வந்தது என்பதையும் அப்போதே ஒப்புக்கொண்டார்.

“மகாராஜா, அவரை அனுப்ப வேண்டாம். முதல் மூன்று வரி நல்ல வரி. என் அடுப்பில் தினமும் பலிக்கிறது. நாலாவதை மட்டும் எடுத்துவிடுங்கள்” என்றாள் செங்கமலம்.

“எடுத்துவிடலாம். சரி, உள்ளே இருப்பது என்ன?”

“தெரியாது, மகாராஜா.”

அந்தச் சபையில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. ராஜா இறங்கி வந்து, மணியை வாங்கித் தன் அங்கவஸ்திரத்தில் தானே தேய்க்க ஆரம்பித்தான்.

செங்கமலத்துக்கு அரண்மனைத் தோட்டத்தில் பெரிய பட்டறை கிடைத்தது. சால்வையும் அவளுக்கே போயிற்று. ஏகாம்பரத்துக்குக் கிடைத்த தண்டனை, ஒரு வருஷம் அவளிடம் சாயம் அரைப்பது. முதல் நாலு நாள் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அரைத்தார்.

எட்டாம் நாள் காலை, கையெல்லாம் சிவப்பாக அவர் அடுப்பங்கரைக்கு ஓடிவந்தார். இரண்டு பிசின் மணிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

“அம்மா, இதைப் பாருங்கள். இரண்டையும் தேய்த்தேன். ஒன்றையொன்று இழுக்கவில்லை, தள்ளுகிறது.”

செங்கமலம் அகப்பையைக் கீழே போட்டாள். “ஏன் தள்ளுகிறது?”

“தெரியாதம்மா” என்றார் ஏகாம்பரம், முகமெல்லாம் சிரிப்பாக. “ராஜாவைக் கூப்பிடட்டுமா?”