இரண்டு கட்டு டோக்கன்

"ரெண்டும் நல்ல பெட்டிதான். சேர்த்து வெச்சா மட்டும் ஏன் வேலை செய்யலை?" என்று கேட்டார் வாத்தியார்.

கேட்டது குரு உலகம்மையிடம். குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. தலைமையாசிரியராக ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். ரத்தினசபாபதி என்று பெயர். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

வந்த பத்தாம் நாளே சமையலறைக்கும் உத்தரவு போட ஆரம்பித்தார். சமையலை நடத்தும் முத்தரசியக்கா பூசணி என்பார். இவர் முருங்கை என்பார். சாம்பாரில் இரண்டும் கிடக்கும்.

அன்று பிரச்சினை சாம்பார் இல்லை. ரவுட்டர்.

சமையல்காரர் மயிலேறும்பெருமாளின் மகள் எழிலிக்கு மூன்று மணிக்கு வீடியோவில் நேர்காணல். முதல் வேலை. முன்கட்டில் ஓயாத பஜனை. பின்கட்டு அறைக்கு வைஃபை எட்டாது. வாத்தியார் புது ரவுட்டர் வாங்கினார். பழையதிலிருந்து ஒயர் இழுத்துவந்து செருகினார்.

பின்கட்டிலும் வரவில்லை. முன்கட்டில் வந்துகொண்டிருந்ததும் போனது.

எழிலி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் வாத்தியாருக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெட்டி என்னதான் செய்யும் என்று குரு கேட்டார். வாத்தியார் வகுப்பே எடுத்துவிட்டார். சுருக்கம் இதுதான்: வந்து சேரும் ஒவ்வொரு போனுக்கும் அது ஒரு நம்பர் கொடுக்கும். நம்பர் இருந்தால்தான் எது யாருக்கு என்று தெரியும்.

"மணி என்ன?" என்றார் குரு.

"பன்னிரண்டு."

"பந்தி நேரம்."

குரு அலமாரியைத் திறந்து ஒரு கட்டு சாப்பாட்டு டோக்கனை எடுத்து நீட்டினார். ஒன்றிலிருந்து அறுபது வரை.

"பின்வாசல்ல நின்னு கொடுங்க, வாத்தியாரே."

வாத்தியாருக்குச் சந்தோஷம். சாமி கும்பிட்டு மலையிறங்கி வருகிறவர்கள் பின்வாசலில் நுழைந்து, முன்வாசல்வரை சுற்றிப்போய் முத்தரசியக்காவிடம் டோக்கன் வாங்குவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. வேகமாகக் கொடுத்தார். அறுபதும் தீர்ந்தது.

உள்ளே போனார்.

ஏழாம் நம்பர் இலைமுன் இரண்டு பேர் நின்றார்கள். எட்டிலும் இரண்டு பேர். ஒரு பெரியவர் டோக்கனை உயர்த்திக் காட்டி, நான் என்ன திருடியா வந்தேன் என்று கேட்டார். பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றார்கள். யாருக்கும் சோறு விழவில்லை.

முத்தரசியக்கா கையிலும் ஒன்றிலிருந்து அறுபதுதான்.

வாத்தியார் ஓடிவந்தார். "அம்மா, ஒரே நம்பர் ரெண்டு பேர்கிட்ட இருக்கு."

"ரெண்டும் நல்ல டோக்கன்தானே."

"நல்ல டோக்கன்தான். ஆனா..."

குரு அவருடைய காலிக் கையைப் பார்த்தார்.

"அப்ப நான் பின்வாசல்ல நின்னு என்னதான் செய்யறது?" என்றார் வாத்தியார்.

"கதவைத் திறந்து விடுங்க. வர்றவங்களை முத்தரசிகிட்ட அனுப்புங்க."

வாத்தியார் பின்கட்டுக்கு ஓடினார்.

பந்தியை இரண்டாகப் பிரித்து எல்லோருக்கும் சோறு போட்டு முடிக்க மணி இரண்டரை. வாத்தியார் சாப்பிட வரவே இல்லை. பின்கட்டில் புது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நம்பர் கொடுக்கும் வேலையை நிறுத்தினார். அலைவரிசை மட்டும் பரப்பட்டும் என்று விட்டார்.

மூன்று மணிக்கு எழிலியின் போனில் ஒரு முகம் தெரிந்தது. வணக்கம் என்றது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை மயிலேறும்பெருமாள் கரண்டியோடு வந்தார். சாம்பாருக்கு இன்றைக்குப் பூசணியா, முருங்கையா என்று வாத்தியாரிடம் கேட்டார்.

வாத்தியார் முன்வாசலில் நின்ற முத்தரசியக்காவைக் கைகாட்டினார்.