சுரங்கத்து வாயை அடைத்த ராஜா

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர், அந்த ஊருக்கு ஒரு ராஜா இருந்தாராம். ராஜாவோட தாத்தா காலத்தில் செம்பு வெட்டின சுரங்கம் ஒன்று அங்கே சும்மா கிடந்ததாம். ஆள் போகாத இடமாச்சே, வௌவால்கள் குடியேறிப் பெருகிப்போச்சு. பொழுது சாய்ந்தால் கரும்புகை மாதிரிக் கிளம்பி, வயலெல்லாம் சுற்றிப் பூச்சி தின்றுவிட்டு, விடியும்போது திரும்பி வருமாம்.

புதிதாக வந்த ராணிக்கு அந்தக் கரும்புகையைப் பார்த்தால் பயம். சுரங்கத்தை அடைக்கச் சொன்னாளாம். ராஜா ஒன்றும் கெட்டவர் இல்லை, கேட்டுக்கோங்க. உயிரோடு வைத்துப் பூசுவது பாவம், சாயங்காலம் எல்லாம் வெளியே போனபிறகு அடையுங்கள் என்றாராம். ஊரே அவர் இரக்கத்தைப் புகழ்ந்ததாம்.

சுவர் வைத்த கொத்தர்களுக்குச் சாந்து சுமந்தவள் குருவாயி. கைப்பிள்ளைக்காரி. பிள்ளையைப் புங்கமரத்துத் தூளியில் போட்டுவிட்டுச் சுமந்தாள். விடிவதற்குள் சுவர் எழும்பிவிட்டது.

விடிந்ததும் வௌவால்கள் வந்தன. சுவரில் முட்டின, விலகிப்போய் மறுபடி முட்டின, மறுபடியும் முட்டின. ஒன்று குருவாயியின் காலடியில் விழ, எடுத்துப் பார்த்தாள். அதன் மார்பில் பால் கசிந்திருந்தது. சுவரில் காதை வைத்தால் உள்ளே கீச்சு கீச்சென்று ஒரே சத்தம்.

அரண்மனைக்கு ஓடி, திறக்கச் சொல்லிக் கும்பிட்டாள். ராஜா சிரித்தார்.

"ஏம்மா, பறக்கிறது முட்டைதானே போடும்? முட்டைக்கு என்ன பசியா எடுக்கும்?"

"முட்டை இல்லைங்க சாமி, அது பால் குடுக்குற ஜாதி. தாய் பாலோட வெளிய நிக்குது, பிள்ளை பசியோட உள்ள கிடக்குது."

பிள்ளை பெற்றவளுக்கு எதைப் பார்த்தாலும் பிள்ளையாகத்தான் தெரியும் என்று மந்திரி கேலி பண்ண, சபையே சிரித்ததாம்.

இரண்டாம் நாள் போனாள், காவல்காரன் திருப்பி அனுப்பினான். மூன்றாம் நாள் போனாள், ராஜா வேட்டைக்குப் போயிருந்தார். வந்து காதை வைத்தால் ஒரே ஒரு குரல், அதுவும் நூல் மாதிரி. கடப்பாரையைத் தூக்கினாள். பெரிய கொத்தன் சடையன், தான் வைத்த கல்லைத் தானே பெயர்த்தான்.

உள்ளே தரையெல்லாம் குட்டிகள் உதிர்ந்து கிடந்தன. ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. பஞ்சை நனைத்துத் தன் பாலையே சொட்டுவிட்டுப் பார்த்தாள். உச்சி வேளைக்குள் அதுவும் அடங்கிவிட்டது. அன்று சாயங்காலம் பத்துப் பதினைந்து தாய்கள் வந்து, மூலை மூலையாகத் தேடி, வெளியே போயின. அப்புறம் வரவே இல்லை.

அந்த வருஷம் குருத்துப்புழு பாதி நெல்லைத் தின்றது. அடுத்த வருஷம் முழுசையும் தின்றது. மூன்றாம் வருஷம் விதைக்க நெல் இல்லை. ராஜாவின் களஞ்சியமும் துடைத்த மாதிரி ஆச்சு, குடிகள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ராஜா தனியாக நடந்துபோய்க் குருவாயி வாசலில் நின்றாராம்.

"எப்படியாவது அதுகளைக் கூப்பிடும்மா."

"கூப்பிட்டா வராதுங்க சாமி. ஒரு தாய்க்கு வருஷத்துக்கு ஒரு பிள்ளைதான். இங்க பெத்தா தங்காதுன்னு போயிருச்சுங்க."

சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் ஊரைவிட்டுப் போனாள். ராஜா சுரங்கத்து வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துப் பார்த்தே கிழவனாகிப்போனார். ஒன்றுகூட வரவில்லை.

ராஜாவை அங்கேயே விட்டுவிட்டு நாம் வந்துவிட்டோம், கதையும் தீர்ந்துபோச்சு. ஆளில்லாத இடம் என்று எதையும் அடைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. ஆள் இல்லாவிட்டாலும் அங்கே ஒரு வீடு இருக்கும்.