சரக்கு இருக்கா?

கீழமணல் பேருந்து நிலையத்தில் முத்துப்பேச்சி இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் தண்டபாணி ஜீப்பில் வந்து இறங்கி அதட்டினார்.

"உன் கடையிலதான் கஞ்சா கைமாறுதாம். ஆளைக் காட்டு. இல்லேன்னா கடை இருக்காது."

அவள் பெஞ்சில் இருந்த இரண்டு கைலிக்காரர்களைக் காட்டினாள். "காலையிலிருந்து ரெண்டு பேரும் மாத்தி மாத்தி 'சரக்கு இருக்கா'ன்னு கேட்டுக்கிறாங்க."

பிடித்து விசாரித்தால், ஒருவர் சுங்கத்துறை, மற்றவர் போலீஸ் தனிப்படை. மாறுவேடத்தில் வந்ததை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

"அப்போ கடத்துறவன் எங்கே?"

"உங்க ஜீப்பைப் பார்த்ததும் பதறிப்போய் மதுரை பஸ்ல ஒருத்தன் ஏறினானே! அவன் மூட்டையைத் தூக்கிவிட்டதே இவங்கதான்."

தண்டபாணிக்கு முகம் சிவந்தது. "முதல்ல கடையைத் தூக்கு!"

"தூக்கிடுறேன் சார். அப்புறம் நீங்க மூணு பேரும் எங்கே சந்திச்சுக்குவீங்க?"

கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது.