இலுப்பையின் முதுகு

"சாமியம்மா, மரம் வெடிக்கப் போகுது."

மாசிலாமணி ஆசாரி வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்தில் அன்றைக்குச் சமையல் அவர் முறை. ஆசாரியைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனால் மனசு சரியில்லாதபோதெல்லாம் ஆசாரி அவரிடம்தான் வந்து நிற்பார்.

"எந்த மரம்?"

"சமாதான மரம்."

"அதுக்குள்ள பேர் வச்சாச்சா?"

"ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க."

"மரத்தைக் கேட்டாங்களாமா?"

ஆசாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலப்பட்டிக்கும் கீழப்பட்டிக்கும் ஒரே கண்மாய், ஒரே மடை. போன வருஷம் யாருக்கு முதல் தண்ணீர் என்ற சண்டையில் கீழப்பட்டி வைரவன் செத்துப்போனான். மண்வெட்டியால் அடித்தவன் மேலப்பட்டிச் சிங்காரம். அவன் இப்போது ஜெயிலில் இருக்கிறான். அவனுடைய அண்ணன்தான் இந்த மாசிலாமணி.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடினார்கள். மடைக்குப் பக்கத்தில் ஒரு மரச்சிலை வைப்பது என்று முடிவானது. ஊருக்கு ஒருவராக இரண்டு பேர் சேர்ந்து மடைப்பலகையைத் தூக்குவது போன்ற சிலை. ஒரே மரத்தில், ஒட்டுப் போடாமல் செதுக்க வேண்டும். செதுக்க வேண்டியவர், அடித்தவனின் அண்ணன்.

வரும் வெள்ளிக்கிழமை சிலையை நட்டுவிட்டு மடையைத் திறக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு எப்போதுமே அவசரம். காற்றில் சாய்ந்த இலுப்பையை ஈரம் காயும் முன்பே ஆசாரி வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய அவசரம் மரத்துக்கு எப்படித் தெரியும்?

"நான் கதவும் நிலையும் செய்யறவன் சாமியம்மா. பலகையோட குணம் தெரியும். முழு மரத்துல இதுவரைக்கும் கை வச்சதில்லை. நேத்துலேருந்து உள்ளேருந்து டக்கு டக்குன்னு சத்தம் வருது. எனக்குச் சோறு இறங்கலை."

"வெடிச்சா வெடிச்சுட்டுப் போகட்டுமே."

"என்ன இப்படிச் சொல்றீங்க! நடுவுல பிளந்தா அந்த ரெண்டு பேரும் தனித்தனியா நிப்பாங்க. ஊரே பார்க்கும். கொன்னவனோட அண்ணன் கை பட்ட மரம், வேற எப்படி இருக்கும்னு ஒருத்தன் சொன்னாப் போதும். வெள்ளிக்கிழமை மடைக்கு வர்றவன் எல்லாம் மண்வெட்டியோடதான் வர்றான்."

சாமியம்மா கீரைக்கட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். துறவுக்கு வருவதற்கு முன்னால் அவர் தன் அப்பாவோடு சேர்ந்து முழு மரத்தில் சிலை செதுக்கியவர். அந்தப் பேச்சை அவர் எடுப்பதே இல்லை.

"வாங்க, பார்ப்போம்" என்றார்.

*

சிலை பட்டறையில் படுத்திருந்தது. ஈரச்சாக்கு சுற்றி, இரண்டு முனையிலும் சாணி மெழுகி, பிரசவம் ஆனவளைக் காற்றுப் படாமல் வைத்திருப்பது போல வைத்திருந்தார் ஆசாரி.

சாமியம்மா சாக்கை விலக்கினார்.

முகங்கள் இரண்டும் நன்றாக வந்திருந்தன. பலகையைப் பிடித்திருந்த நான்கு கைகளிலும் நரம்பு தெரிந்தது. ஆசாரிக்கு இவ்வளவு வரும் என்று ஆசாரிக்கே தெரிந்திருக்காது.

டக்.

ஆசாரி மார்பில் கை வைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இன்னும் கொஞ்சம் சாணி அப்பட்டுமா? மெழுகு உருக்கி ஊத்தட்டுமா? ரெண்டு இரும்புப் பட்டை வாங்கி இறுக்கிடலாம்னு பார்க்கிறேன்."

சாமியம்மா சிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"வெள்ளிக்கிழமை மடைப்பலகையை யாரு தூக்கறது?"

"எங்க பக்கம் நான். அவங்க பக்கம் காத்தமுத்து ஐயா. வைரவனோட அப்பா."

பேரைச் சொன்னதும் ஆசாரி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கு அப்படிப் பார்க்கறீங்க?"

"அந்தப் பேரை எடுக்கக் கூடாது சாமியம்மா. வைரவன் பேரையும் சரி, என் தம்பி பேரையும் சரி. அந்தச் சண்டையைப் பத்தி ரெண்டு ஊர்லயும் ஒரு வார்த்தை வரக் கூடாது. மீறினா ஊரை விட்டுத் தள்ளி வச்சிடுவாங்க. சமாதானத்துக்கு அதுதான் கட்டுப்பாடு."

"காத்தமுத்து என்ன சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லலை. கூட்டத்துல எல்லாரும் அவரையே பார்த்தாங்க. தலையை மட்டும் ஆட்டினார். நல்ல மனுஷன். அன்னிலேருந்து அந்த வீட்டுல ஒரு சத்தம் கிடையாதாம்."

இதைச் சொல்லும்போது மட்டும் ஆசாரியின் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

சாமியம்மா அவரைப் பார்த்தார். பிறகு, "சிலையைக் குப்புறப் புரட்டுங்க" என்றார்.

"முகம் நசுங்கிடும்."

"அடியில சாக்கைப் போடுங்க."

இருவரும் சேர்ந்து புரட்டினார்கள். சிலையின் முதுகு மேலே வந்தது. அங்கே செதுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஆசாரி அதையும் இழைத்து வழவழவென்று வைத்திருந்தார்.

சாமியம்மா கரித்துண்டை எடுத்து உச்சியிலிருந்து அடிவரை ஒரு கோடு போட்டார். உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தார்.

"ஐயோ!"

ஆசாரி கையைப் பிடிக்கப் போனார். துறவியின் கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் மூன்று அடி விழுந்துவிட்டது.

"சாமியம்மா, நல்ல மரத்தை வெட்டறீங்களே! வெடிச்சிடும்னுதானே உங்ககிட்ட ஓடி வந்தேன்!"

"ரம்பத்தை எடுங்க."

"எடுக்க மாட்டேன்."

"நானே எடுத்துக்கறேன்."

கோட்டின் வழியே உளி கீழே போயிற்று. அதன் பின்னாலேயே ரம்பம் போயிற்று. மரத்தூள் ஈரமாக, மஞ்சளாக உதிர்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தார். பிடிக்காவிட்டால் அறுப்பு கோணலாகிவிடுமே என்ற பயம்தான் காரணம்.

"எது வரைக்கும் சாமியம்மா?"

"நடு வரைக்கும்."

"நடுன்னா?"

"நெஞ்சு வரைக்கும்."

அறுத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. சாமியம்மாவின் கை இரண்டும் கொப்புளித்திருந்தன. இரும்புப் பட்டை, மெழுகு, சாணி எதுவும் வேண்டாம் என்றார். சாக்கையும் எடுத்துவிடச் சொன்னார்.

"முதுகுல இவ்வளவு பெரிய வெட்டு. இது இனிமே என்ன ஆகும்?" என்று கேட்டார் ஆசாரி.

"விரியும்."

"விரிஞ்சா?"

"மரம் வெடிக்காம இருக்காது ஆசாரி. எந்த இடத்துலன்னுதான் நாம பார்த்துக்கணும்."

அவ்வளவு சொல்லிவிட்டு, ஆய்ந்த கீரை வாடிப்போயிருக்குமே என்று கவலைப்பட்டபடி மடத்துக்குப் போய்விட்டார்.

*

காலையில் ஆசாரி பயந்து பயந்து பட்டறைக்குள் போனார்.

வெட்டு விரிந்திருந்தது. நேற்று ரம்பத் தகடு நுழைந்த இடத்தில் இன்று சுண்டுவிரல் நுழைந்தது.

சிலையை ஒருக்களித்துப் புரட்டிப் பார்த்தார். இரண்டு முகத்திலும் ஒரு கீறல் இல்லை. நான்கு கைகளும் பலகையை அப்படியே பிடித்திருந்தன. காதை வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை.

அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுபடியும் முதுகுப் பக்கம் போய் அந்த வெட்டுக்குள் விரலை விட்டபடி வெகுநேரம் நின்றார். ஒரு சத்தமும் இல்லாத காத்தமுத்து வீட்டின் நினைவு வந்தது.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"கீழப்பட்டிக்கு."

அவள் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது.

*

மேலப்பட்டிக்காரர் யாரும் ஒரு வருஷமாக அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. ஆசாரியைப் பார்த்ததும் டீக்கடைப் பேச்சு நின்றது. ஒருவன் எழுந்து பின்னாலேயே நடந்து வந்தான். ஆசாரி திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையில், திரும்பி ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது.

காத்தமுத்து மாட்டுக்கொட்டகையில் தீவனப்புல் நறுக்கிக்கொண்டிருந்தார். கையில் அரிவாள்.

"ஐயா."

அரிவாள் நின்றது. அவர் நிமிரவில்லை.

"வெள்ளிக்கிழமைதானே? வர்றேன்னு சொல்லிட்டேனே" என்றார்.

"அதுக்கு வரலை ஐயா."

"பின்னே?"

ஆசாரி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வைரவனைப் பத்திச் சொல்லுங்க."

பின்னால் வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மாடு கூட மெல்லுவதை நிறுத்திவிட்டதாக ஆசாரிக்குத் தோன்றியது.

காத்தமுத்து எழுந்தார். அரிவாள் கையிலேயே இருந்தது.

"கட்டுப்பாடு தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அந்தப் பேரை என் வீட்டுல வந்து சொல்றே?"

"ஆமாய்யா."

காத்தமுத்து கிட்டே வந்தார். மூச்சு முகத்தில் படும் அளவுக்கு வந்தார். ஆசாரி கண்ணை மூடிக்கொண்டார்.

அரிவாள் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"அவன் ஓடியிருக்கலாம் ஆசாரி. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். உன் தம்பி மண்வெட்டியை ஓங்கினான். ஓடுடான்னு கத்தினேன். சிங்காரண்ணன் என்னை அடிக்காதுப்பான்னு சொல்லி, சிரிச்சுக்கிட்டே நின்னான்."

மாசிலாமணி அந்தச் சாணித் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இன்னும் சொல்லுங்க" என்றார்.